பன்னிரண்டு நாள் வாடகை

மன்னார் உப்புக்குளத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த மீராசாஹிபு, தன் ஒரே மகள் நசீறாவுக்கு நிக்காஹ் செய்துவைத்தபோது, அந்தப் பகுதி முஸ்லிம்களின் வழக்கப்படி வீட்டை மகளின் பேரில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இரண்டு அறை, ஒரு கூடம், ஓட்டுக் கூரை, பின்வளவில் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்காது. மன்னார்த் தீவில் அது பெரிய விசயம். கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வேறு எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் பெயர் மஹ்மூது. சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். அவனுக்கு வஸீர் என்றொரு தம்பி. கலியாணமாகாத காலத்தில் வஸீர் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவான். நசீறா அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள், சட்டை தோய்த்துப் போட்டிருக்கிறாள். அவளை அவன் "மச்சி" என்றும், அண்ணனை "நானா" என்றும் கூப்பிடுவான்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் தீவை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் தூக்கிய இயக்கம் அறிவித்தது. நசீறாவும் மஹ்மூதும் ஆறு வயது மகள் பரீனாவும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் கிடுகுக் கொட்டில் கிடைத்தது. வீட்டு உறுதி உப்புக்குளத்து அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தீவு இராணுவத்தின் கையில் இருந்த காலத்தில், வஸீர் மன்னாருக்குத் திரும்பிப்போக ஆயத்தமானான். அவனுக்கு அப்போது பாத்தும்மாவோடு கலியாணமாகி ஒரு மகனும் இருந்தான். அவனைக் கூப்பிட்டு மஹ்மூது சொன்னான்:

"எங்கட வீட்டில இரு வஸீர். பூட்டிக் கிடந்தால் பாழாப் போயிரும். நாங்கள் வந்தால் விட்டுத் தா."

"இதையும் சொல்ல வேணுமா நானா? என்ர வீடு மாதிரிப் பாத்துக்கொள்ளுவன்" என்றான் வஸீர்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நசீறாவும் பாத்தும்மாவும் மட்டுந்தான். எழுதிக் கொள்ளவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூடப்பிறந்த தம்பி.

மஹ்மூது முகாமிலேயே காய்ச்சலில் மவுத்தானான். நசீறா கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய் மகளைப் படிக்கவைத்தாள். பரீனா பெரிய பிள்ளையானதும், கொட்டிலில் வைத்திருக்கப் பயந்து, தென்னந்தோட்டக்காரர் ஒருவரின் வீட்டு ஓரத்தில் அறையொன்று வாடகைக்கு எடுத்தாள். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது குடிபோனாள். நான்காம் நாள் அவர் முழு மாத வாடகையைக் கேட்டார். "நாலு நாளுக்கா?" என்றதற்கு, "இஷ்டமில்லாட்டிச் சாமானை எடுங்க" என்றார். வெங்காயம் கிண்டிக் கொப்புளித்த கையால் அந்தக் காசை எண்ணிக் கொடுத்தாள். அதன்பிறகு அரிசிக் கடையிலோ ஆட்டோக்காரனிடமோ ஒரு சதத்தையும் அவள் விட்டதில்லை. கணக்கில் இனி யாரும் என்னை ஏய்க்க ஏலாது என்று மகளிடம் அடிக்கடி சொல்லுவாள். பரீனாவுக்கு அது வெட்கமாக இருக்கும். கடைக்காரனோடு தாய் வாதாடத் தொடங்கினால் தெருவில் இறங்கி நின்றுகொள்வாள்.

சண்டை நின்று பாதை திறந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் எருக்கலம்பிட்டியிலிருந்து பரீனாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வான் ஓட்டுகிறவன். அவனுடைய தாய் பேச்சை வளர்க்கவில்லை. "உப்புக்குளத்து வீட்டைப் பிள்ளையிட பேருக்கு எழுதினாப் போதும்" என்று சொல்லியனுப்பினாள். நசீறா கையிலிருந்த மண்ணெண்ணெய் அடுப்பைக்கூட விற்றுவிட்டு, மகளையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

செப்டெம்பர் பதினெட்டாந் திகதி மாலை, மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபின், அவர்கள் உப்புக்குளத்தில் வந்து இறங்கினார்கள். வீடு நின்றது. ஓடுகள் போய்க் கூரைக்குச் சீற் போட்டிருந்தது. புது மதில், பச்சை நிறத்தில் இரும்புக் கேற். கதவைத் திறந்தவள் பாத்தும்மா. அவள் கதவைப் பிடித்தபடி வழிவிடாமல் நின்றாள். பின்னால் வந்த வஸீர்தான் சிரித்தான்.

"வாங்கோ மச்சி, வாங்கோ. பரீனாவா இது? என்ன வளத்தி! உள்ளுக்க வாங்கோ."

முன்னறையை ஒதுக்கிக் கொடுத்தான். கணவாய்க் கறியும் சோறும் வந்தது. விடிந்ததும் கூடத்தில் கதிரையில் உட்கார்ந்து, எதிரே அவளையும் உட்காரச் சொன்னான்.

"ஷெல் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கிப் போச்சு மச்சி. கூரைக்கு மட்டும் எண்பதினாயிரம் முடிஞ்சுது. கிணத்துக்குக் கட்டு, மதில், வீட்டுக்குச் சோலைவரி, எல்லாம் நான்தான்."

"தெரியுது மச்சான். பரீனாட கலியாணம் முடியட்டும், கணக்குப் பாத்து நான் கொஞ்சங் கொஞ்சமாத் தருவன்."

"நான் இப்பக் கேக்கேல்ல. நாங்கள் வேற இடம் பாத்துப் போகும் மட்டும் நீங்கள் அந்த அறையில இருங்கோ. மாசம் ஆயிரத்தைஞ்ஞூறு தாங்கோ, காணும். பாத்தும்மாவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியமாட்டாள்."

நசீறாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. கூரைச் செலவில் கழியும் காசு என்று நினைத்தாள். அதோடு, கொழுந்தன் வீட்டில் ஓசியில் தின்னுகிறாள் என்ற பேச்சு வேண்டாம். மீன்வாடி ஒன்றில் மீன் வெட்டுகிற வேலை கிடைத்தது. அதை நடத்தியவள் அன்ரோனெற் என்ற கத்தோலிக்கப் பெண். கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்தது.

மாதக் கடைசியில் வஸீர் கூடத்திலிருந்து கூப்பிட்டான்.

"மச்சி, இந்த மாசக் காசு."

"எவ்வளவு?"

"ஆயிரத்தைஞ்ஞூறுதானே பேசினது."

"நான் வந்தது பதினெட்டாந் திகதி மச்சான்."

"பாதியில வந்தாலும் மாசம் மாசந்தானே. எல்லா இடத்திலயும் அப்பிடித்தான்."

புத்தளத்துத் தென்னந்தோட்டக்காரரின் முகம் நசீறாவுக்கு முன்னே வந்து நின்றது. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"எந்த இடத்தில? செப்டெம்பருக்கு முப்பது நாள். முப்பது நாளுக்கு ஆயிரத்தைஞ்ஞூறு எண்டால் ஒரு நாளுக்கு அம்பது. நான் இருந்த நாளுக்குத்தான் தருவன். இருக்காத நாளுக்கு என்னத்துக்குத் தாறது?"

"ஒரு ஆயிரம் தாங்கோ, விடுங்கோ."

"அதென்ன ஆயிரம்? எந்தக் கணக்கில ஆயிரம்?"

குரல் உயர்ந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் சாஹுல் ஹமீட் எட்டிப் பார்த்தார். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர், ஊரில் மதிப்புள்ள மனிதர். நசீறா அவரையே நடுவராகக் கூப்பிட்டாள். அவர் வந்து கதிரையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டார்.

"அவ சொல்லுறதில நியாயம் இருக்கு வஸீர். இருந்த நாளுக்கு வாங்கு" என்றார்.

"சரி. பதினெட்டில இருந்து முப்பது மட்டும் பதிமூண்டு நாள். அறுநூற்றம்பது."

"பதினெட்டாந் திகதி நான் வரேக்க மஃரிப் பாங்கு சொல்லியாச்சு. அந்த நாளை என்ர தலையில கட்டாதேங்கோ. பன்னிரண்டு நாள். அறுநூறு."

சாஹுல் ஹமீட் சிரித்துவிட்டார். வஸீரும் சரியென்று கையை விரித்தான். நசீறா அறுநூறு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

"துண்டு தாங்கோ."

"என்ன துண்டு?"

"காசு வாங்கினதுக்கு. எத்தனை நாளுக்கு எவ்வளவு எண்டு எழுதித் தாங்கோ. இல்லாட்டிப் பிறகொரு நாள் மிச்சத் தொள்ளாயிரம் எங்க எண்டு கேப்பீங்கள்."

வஸீர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். அவளை ஒருமுறை பார்த்தான். அவள் கைக்கடியில் இருந்த காசைப் பார்த்தான்.

"எழுத்தில வேணுமோ மச்சி?"

"ஓம். எழுத்தில."

"சரி. ஒழுங்கா எழுதுவிச்சுத் தாறன்."

அடுத்த நாள் அரசாங்கக் கச்சேரிப் பக்கம் போய், விண்ணப்பம் எழுதும் ஒருவனிடம் தட்டச்சில் அடிப்பித்து, முத்திரை ஒட்டிக் கொண்டுவந்தான். இரண்டு பிரதி. மன்னார் உப்புக்குளத்தில் எனக்குச் சொந்தமானதும் எனது ஆட்சியில் உள்ளதுமான வீட்டின் முன்னறையில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் மீராசாஹிபு நசீறா என்பவரிடமிருந்து, என்று அது தொடங்கியது. நசீறாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அவள் விரல் கீழே இலக்கங்கள் இருந்த இடத்துக்குத்தான் போனது. பத்தொன்பதாந் திகதி முதல் முப்பதாந் திகதி வரை, பன்னிரண்டு நாள், அறுநூறு ரூபா. எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்குச் சாஹுல் ஹமீட் போட்டார். அவர் மேலே இருந்ததை வாசித்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாத்தும்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கியது. தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

மிச்சம் பிடித்த காசில் நசீறா பரீனாவுக்குச் சட்டைத் துணி எடுத்தாள். மீன்வாடியில் இரண்டு நாளாக அதே கதைதான். "முழு மாசம் கேட்டவர். பன்னிரண்டு நாளுக்கு இறக்கிப்போட்டன்" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

நோன்பு வந்து போனது. பெருநாளுக்குப் பிறகு, செலவு கூடிவிட்டது என்று சொல்லி வஸீர் டிசெம்பர் மாதக் காசை முன்கூட்டியே கேட்டான். கொடுத்தாள். அதற்கும் துண்டு வாங்கினாள். பிறகுதான் எருக்கலம்பிட்டியிலிருந்து ஆள் வந்தது. கலியாணத்துக்கு நாள் குறிக்கவேண்டும், வீட்டை எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். அன்று பின்னேரம் நசீறா கூடத்துக்கு வந்தாள்.

"மச்சான், பெருநாள் முடிஞ்சுது. நீங்கள் ஒரு வீடு பாத்தால் நான் எழுத்து வேலையைத் தொடங்கலாம்."

வஸீர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"எந்த எழுத்து?"

"வீட்டைப் பரீனாவுக்கு எழுதுற எழுத்து."

"எந்த வீட்டை மச்சி?"

அவள் பகிடி என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பேப்பரை மடித்து வைத்தான்.

"நான் பதினொரு வருசம் இருந்த வீடு. கூரை என்ர, மதில் என்ர, வரி என்ர பேரில. நீங்கள் வாடகைக்கு இருக்கிறீங்கள். துண்டும் உங்கட கையிலயே கிடக்கு. போய் மேல இருந்து வாசிச்சுப் பாருங்கோ."

அறைக்குள் போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து நசீறா வாசித்தாள். பரீனா தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். மகள்தான் முதலில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லப் போனால் அசிங்கம். நசீறா கூடத்தில் நின்று கத்தினாள், முற்றத்து மண்ணள்ளித் தூற்றினாள். சோறு போட்ட கையைச் சொல்லிக் காட்டினாள். வஸீர் குரல் உயர்த்தவே இல்லை. கிணற்று வாளியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான். பரீனா பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குளித்தாள். ஒரு காலை நசீறா மீன்வாடிக்குப் போன நேரத்தில் அவர்களின் சாமான்களை எடுத்து முற்றத்தில் வைத்தான். மாரி மழை பெய்துகொண்டிருந்தது. கலியாணத்துக்கென்று வாங்கிய பாய் நனைந்து ஊதியது. செய்தி கேட்டு நசீறா ஓடிவந்தபோது கேற்றடியில் அயல் முழுக்க நின்றது.

வஸீர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்தான்.

"மச்சி, டிசெம்பருக்கு முப்பத்தொரு நாள். இண்டைக்குப் பதினைஞ்சு. மிச்சம் பதினாறு நாள். ஒரு நாளுக்கு நாப்பத்தெட்டு ரூபா முப்பத்தெட்டுச் சதம். எழுநூற்று எழுபத்து நாலும் சில்லறையும் வருது. எழுநூற்று எழுபத்தைஞ்சாத் தாறன். சில்லறை உங்களுக்கே இருக்கட்டும்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். நசீறா வாங்கவில்லை. நனைந்த பாயின்மேல் வைத்துவிட்டுப் போனான். அவள் சாஹுல் ஹமீட்டைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ நானா. இது ஆரிட வீடு? எங்கட வாப்பா உங்களுக்கு முன்னாலதானே எழுதினவர்."

சாஹுல் ஹமீட் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனால் பேப்பர் இருக்கே. பேப்பர் இருக்கிற இடத்தில நாங்கள் வாயால என்ன சொல்லுறது?"

மழை கனத்தது. நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பரீனா குனிந்து பாயின்மேல் கிடந்த காசைப் பொறுக்கினாள். ஆட்டோவுக்கு அது வேண்டியிருந்தது.

அன்ரோனெற் தன் மீன்வாடியின் பின்பக்கத்தில் வலைகள் போட்டு வைக்கும் அறையை ஒதுக்கிக் கொடுத்தாள். "வாடகை எவ்வளவு?" என்று நசீறா கேட்டாள். "விசர்க் கதை கதையாதே. வலையைத் தள்ளிப்போட்டுப் படு" என்றாள் அன்ரோனெற். அவள் அதிகம் பேசாத பெண். வழக்குப் போடச் சொல்லிச் சட்டத்தரணி அருட்பிரகாசத்திடம் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

அருட்பிரகாசம் காணிப் பதிவிலிருந்து உறுதியின் பிரதியை எடுப்பித்தார். உறுதி சுத்தமாக இருந்தது. நசீறாவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் அந்தத் துண்டை எடுத்து வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, பாத்துக்கொள்ளச் சொல்லி விட்டவனுக்கு எத்தனை வருசம் இருந்தாலும் வீடு சொந்தமாகாது. சட்டம் உங்கட பக்கம்தான். ஆனால் அவர் இப்ப என்ன சொல்லுவார்? நான் பாத்துக்கொள்ள இருக்கேல்ல, சொந்தக்காரனா இருந்தனான், அவவே எனக்கு வாடகை தந்தவ எண்டு சொல்லுவார். பத்து வருசத்துக்கு மேல சொந்தக்காரன் மாதிரி இருந்தால் அந்த ஆட்சி உறுதியையும் வெட்டும். இதை ஆர் கேட்டது?"

"நான்தான் கேட்டனான்."

"ஏன்?"

"தொள்ளாயிரம் ரூபாயைத் திருப்பிக் கேட்டுப்போடுவான் எண்டு."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டார். கட்டணத்தையும் குறைத்தார். இடையில் சண்டை திரும்பவும் மூண்டது. தவணைமேல் தவணையாக வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. எருக்கலம்பிட்டிக்காரர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பார்களா? முதல் தவணைக்கு முன்பே பையனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள். பரீனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகிற அன்று பஸ் நிலையத்தில் தாய் அழுதபோது அவள் அழவில்லை.

"உம்மா, நீங்கள் தொள்ளாயிரம் ரூபா மிச்சம் பிடிச்சீங்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூட நசீறாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணையின்போது வஸீரின் சட்டத்தரணி துண்டை அவளிடம் நீட்டினார்.

"இது உங்கட கையெழுத்தா அம்மா?"

"ஓம்."

"வஸீர் உங்களிட்ட முழு மாத வாடகை கேட்டாரா?"

"கேட்டவர். நான் குடுக்கேல்ல."

"பன்னிரண்டு நாள் எண்ட கணக்கை ஆர் போட்டது?"

"நான்தான் போட்டனான். அவர் பதிமூண்டு எண்டவர். நான் பன்னிரண்டாக் குறைச்சனான்."

சொல்லும்போது அவள் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சட்டத்தரணி சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"உங்கட சொந்த வீடு எண்டால், எத்தனை நாள் இருந்தனீங்கள் எண்டு ஏன் எண்ணினீங்கள்?"

நசீறா வாயைத் திறந்தாள். கூரைச் செலவு, மச்சானுடைய மனம், புத்தளத்து அறை, எல்லாம் ஒன்றாக வந்து முட்டின. "பதில் சொல்லுங்கோ அம்மா" என்று இரண்டாம் முறை கேட்டார்கள். அருட்பிரகாசம் முன்னால் இருந்த கடதாசிகளை அடுக்கினார். சாட்சிக்கு வந்திருந்த சாஹுல் ஹமீட், கையெழுத்து தன்னுடையதுதான் என்றும், இருந்த நாளுக்குக் காசு என்று பேசியது தன் முன்னால்தான் என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதான். வீடு யாருடையது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வழக்குத் தோற்றது. மேன்முறையீட்டுக்குக் காசு இல்லை.

பரீனா குவைத்திலிருந்து வந்து புத்தளத்திலேயே இரண்டு பிள்ளைகளுள்ள ஒருவருக்கு இரண்டாந்தாரமானாள். பெருநாளுக்கு மட்டும் தொலைபேசியில் கூப்பிடுவாள். நசீறா மன்னாரை விட்டுப் போகவில்லை. மீன்வாடியில் மீன் வெட்டி, உப்பிட்டு, காயப்போட்டாள். வயது போகப் போகக் கண் குறைந்து வெட்டு வேலை முடியாமற் போனது. அன்ரோனெற் அவளைத் தராசடியில் உட்காரவைத்தாள். உப்புக்குளத்துத் தெருவால் அவள் நடப்பதில்லை. சுற்றிப் போவாள்.

ஒருநாள் பாத்தும்மா மீன்வாடிக்கு வந்தாள். முக்காட்டை வாயோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உங்கட மச்சானுக்குப் பாரிசவாதம். வாய் பேச வருகுதில்ல. வைத்தியர் கையை விரிச்சிட்டார். ஒருக்கா வாங்கோ மச்சி. பொருந்திட்டன், மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அந்தச் சொல்லு இல்லாமல் அவர் எப்பிடிப் போறது?"

நசீறா போனாள். அன்ரோனெற் போகவேண்டாம் என்றுதான் சொன்னாள். கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. வஸீரின் வாய் ஒரு பக்கம் இழுத்துப்போயிருந்தது. கண் மட்டும் பழைய கண். அவளை அடையாளம் கண்டது. தலைமாட்டில் அவனுடைய மகன் நின்றான். அவளுக்கு யாரும் கதிரை போடவில்லை. நின்றபடியே பேசினாள்.

"மச்சான், உங்களுக்குக் கேக்குதா?"

கண் மூடித் திறந்தது.

"நான் பொருந்துறன். இந்த வீட்டை என்ர பிள்ளைக்கு எழுதித் தாங்கோ. முழுக்க வேண்டாம். அந்த முன்னறையையும் கிணத்தையும் தாங்கோ, காணும். பெருவிரல் அடையாளம் வைச்சாலும் காணும். இப்பவே பொருந்துறன்."

பாத்தும்மா மகனைப் பார்த்தாள். மகன் சுவரைப் பார்த்தான். வஸீரின் தலை தலையணையில் அசைந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மெல்ல, சிரமப்பட்டு, இடமும் வலமுமாக அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை நிறுத்தி, மூச்செடுத்து, திரும்பவும் ஆட்டினான்.

"அவருக்கு விளங்கேல்ல மச்சி" என்றாள் பாத்தும்மா.

"நல்லா விளங்குது" என்றாள் நசீறா.

பாத்தும்மா கேற்வரை அவள் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நாளைக்கு உங்களுக்கும் இந்தக் கிடை வரும் மச்சி. அல்லாஹ்வுக்காகப் பொருந்துங்கோ" என்று அழுதாள். "நீ அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்தப் போனனீ" என்றாள் நசீறா. கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

வஸீர் அடுத்த வெள்ளிக்கிழமை மவுத்தானான். அன்று ஜும்மாவுக்கு வந்த கூட்டமெல்லாம் ஜனாஸாத் தொழுகைக்கும் நின்றது. தொழுகைக்கு முன் வழக்கப்படி அவனுடைய மகன் எழுந்து, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால், யாருடைய உரிமையாவது அவரிடம் இருந்தால் சொல்லுங்கோ, நாங்கள் பொறுப்பெடுக்கிறோம், இல்லாவிட்டால் பொருந்திக்கொள்ளுங்கோ என்று கேட்டான். பள்ளிவாசல் நிறைய ஆட்கள். பாதிப்பேருக்கு மேல் உப்புக்குளத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வரிசைக்குத் திரும்பினான். தொழுகை நடந்தது.

இதை நசீறாவுக்குச் சொன்னவர் சாஹுல் ஹமீட். அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் மீன்வாடிக்குக் கட்டாக் கருவாடு வாங்க வந்தார். அவருக்கும் வயது போய்விட்டது, கைத்தடியோடு வந்தார். கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "ஒருத்தரும் வாய் திறக்கேல்ல தங்கச்சி. என்ன சனமோ" என்றார்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள் நானா?"

அவர் கருவாட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"முன் வரிசையில."

நசீறா தராசின் தட்டைத் துடைத்தாள்.

"எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.